தலையாட்டாதீர்கள் என்றது இன்டர்நெட்

போன கிழமை ஒரேயொரு "ஓம்" என் கணவரைக் கொண்டுபோகப் பார்த்தது!

அவருக்குக் கந்தளாயில் அரிசி ஆலையில் வேலை. அந்த இரைச்சலில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டார். யார் எது கேட்டாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், ஒரு "ஓம்". அதனால் ஊரில் நல்ல பெயர் — தங்கமான மனுசன், எதிர்த்துக் கதைக்கவே தெரியாது!

வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது கப்பல்துறைக்குக் கிட்ட இராணுவச் சோதனை. எல்லாரும் இறங்கி வரிசையில் நிற்க, பஸ்ஸுக்குள் கிடந்த பையொன்றைத் தூக்கி வந்தார் ஆமிக்காரர்.

"இது உங்கட பேக்கா?"

இவர் சிரித்தார். "ஓம்."

திறந்தால்... பற்றரி, வயர்! குண்டென்று நினைத்து ஆமிக்காரரின் துவக்கு இவர் நெஞ்சுக்கு நேரே நிமிர்ந்துவிட்டது. வரிசையின் கடைசியில் நின்ற ரேடியோ திருத்துகிறவர், "ஐயோ, அது என்ர பை!" என்று கையைத் தூக்கிக்கொண்டு கத்தியிராவிட்டால்?

அடுத்த நாளே நெட் கஃபேக்கு ஓடினேன். காது கேளாமை என்று ஆங்கிலத்தில் அடித்தால்... அப்பப்பா! ஒரு பக்கம், ஒரே வாரத்தில் காது திறக்கும் என்றது — எண்ணெய்ப் போத்தல் படம், கீழே "வாங்குங்கள்". இன்னொன்று உள்ளிப்பூண்டைக் காய்ச்சிக் காதில் ஊற்றச் சொன்னது. மூன்றாவது, இரைச்சலான இடங்களைத் தவிர்த்து நிம்மதியாக வாழச் சொன்னது. திருகோணமலையில்! சண்டை நடக்கிற இந்த நேரத்தில்! எழுதிய புண்ணியவான் எந்த நாட்டில் இருக்கிறாரோ.

எழும்பப் போனேன். அப்போதுதான் அந்தப் பக்கம் திறந்தது. விளம்பரம் இல்லை, வித்தை இல்லை. இரைச்சலில் தேய்ந்த காதை எண்ணெய் திருப்பித் தராது, டாக்டரிடம் காட்டுங்கள், கருவி உதவலாம் என்று நேராகச் சொன்னது. அதற்குக் கீழே — கேட்காவிட்டால் தலையாட்டாதீர்கள். கேட்கவில்லை என்று சொல்லி, முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள்.

அட, இது எங்கள் ஆளேதான்! கஃபே என்றும் பாராமல் கைதட்டிவிட்டேன்.

பிறின்ற் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினால், மனுசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் செவிடன் எண்டு ஆமிக்காரனுக்கும் சொல்லவோ? ஏலாது!"

"வெக்கமோ உயிரோ, எது பெரிசு உங்களுக்கு?" என்று கத்தினேன்.

அது அவருக்குக் கேட்டது.

நேற்று வாசலிலேயே முகம் மலர்ந்து நின்றார். "சொல்லிப்போட்டனப்பா!" அதே சோதனையில் ஏதோ கேட்டிருக்கிறார்கள். இவர் காதைத் தொட்டுக் காட்டி, "கேக்கேல்லை ஐயா, என்னைப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றிருக்கிறார். ஆமிக்காரர் ஒரு அடி கிட்ட வந்து, ஆறுதலாக இன்னொரு தரம் கேட்டாராம். அவ்வளவுதான்! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

காதைத் திறக்கிறோம் என்ற பக்கங்கள் எத்தனையோ. வாயைத் திறக்கச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காது டாக்டரிடம் போகிறோம், இவரும் சம்மதம்.

சாப்பிடும்போது மெல்லச் சொன்னார்: "நீர் இவ்வளவு காலமும் சொன்னதில பாதி எனக்குக் கேக்கேல்லை. இனி முதலில இருந்து சொல்லும்."

கலியாணம் கட்டிப் பதினாலு வருசம்... தொடங்கிவிட்டேன்!