வட்ட முனைக் கீபோர்டு

யாராவது கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து எழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், எங்கள் அச்சக முதலாளி துண்டைச் சரிசெய்துகொண்டு, "மெட்ராஸ்ல நமக்கு ஒரு ஆர்ட்டிஸ்ட்டு இருக்காருல்ல, அவரு போட்டது" என்பார். அந்த ஆர்ட்டிஸ்ட் நான்தான். மெட்ராஸில் இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால், பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம், காரைக்குடியிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்வது எனக்குக் கேட்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

வருஷக்கணக்கில் பொறுத்தேன். ஒரு நாள் கோட்டையூரிலிருந்து வந்த ஒருவர் அந்த ஆர்ட்டிஸ்ட்டிடம் இரண்டு வார்த்தை பேசியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். முதலாளி போனைக் காதில் வைத்து, எதிர்முனையில் யாருமே இல்லாமல், "சார் வெளிய போயிருக்காராம்" என்று சொல்லிவிட்டு, தடுப்புக்கு மேல் எட்டிப்பார்த்து என்னிடம் வாயில் விரலை வைத்துக் காட்டினார். சத்தம் போடாதே என்று! அன்று சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு வந்தவள்தான், மறுபடி அந்தப் படியை வேலைக்காக மிதிக்கவில்லை.

என் கணவர் தச்சு வேலை செய்பவர். பட்டறையின் முன்பக்கத்தை எனக்கு ஒதுக்கி, மேசை அடித்துக் கொடுத்து, ஒரு புதுக் கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டார். முதலாளி டீக்கடையில் நின்று, "டைப்பு தட்டுறவளுக்கு எதுக்குய்யா கடை? அடுத்த ஆடி முடியிறதுக்குள்ள இழுத்து மூடிருவா" என்றாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பகலெல்லாம் கறுவிக்கொண்டே இருப்பேன். கடைக்கு வந்ததோ காதுகுத்துப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும்தான். இப்படியே போனால் அவர் சொன்னதுதான் நடக்கும், திரும்ப அந்தத் தடுப்புக்குப் பின்னால் போய் உட்காரவேண்டும். அதற்குச் செத்துப்போகலாம் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் கோட்டையூரிலிருந்து ஒரு ஆச்சி வந்தார். கையில் மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகை.

"இளையவளுக்கும் இதே மாதிரி வேணும்மா. எழுத்து, கோடு, ஓரம் எல்லாம் இதே மாதிரி. ஒரு புள்ளி மாறக் கூடாது. மூத்தவளுக்கு ஒண்ணு, இளையவளுக்கு ஒண்ணான்னு பாக்குறவுக பேசிருவாக."

எங்கள் தொழிலில் இது தெரிந்ததுதான். ஒரு வீட்டில் இரண்டு பெண் இருந்தால், தாலி, சீர், பாத்திரம் வரைக்கும் தராசில் வைத்த மாதிரி இருக்கவேண்டும். பத்திரிகையும் அதில் சேர்த்தி. நான் அந்தப் பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். என் கையால் போட்டது. பின்பக்கம் அடியில் பொடி எழுத்தில் முதலாளியின் அச்சகப் பெயர்.

"ஏன் ஆச்சி, அங்கயே குடுக்கலையா?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

"போனேனே. இடி இடிச்சதுல பழைய மிஷினு போயிருச்சாம். இந்த எழுத்தெல்லாம் இப்ப வாரதில்லை, புது மாடல் பாருங்கன்னாரு. மெட்ராஸ் ஆர்ட்டிஸ்ட்டும் கிடைக்கலையாம்."

எனக்குச் சிரிப்பும் வயிற்றெரிச்சலும் சேர்ந்து வந்தன. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மாதிரி அடித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் மதுரைக்குப் போய்விடுவதாக ஆச்சியும் சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லிவிட்டேனே தவிர, ஒரு சிக்கல் இருந்தது. அந்த எழுத்து பழைய மென்பொருள் ஒன்றில்தான் வரும். அதன் வட்டு என்னிடமும் இருந்தது. ஆனால் அது பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும், என் கம்ப்யூட்டரில் இருப்பதோ புதியது. புதியதை அழிக்கவும் முடியாது, மற்ற வேலையெல்லாம் அதில்தான். ஆகவே ஒரே பெட்டிக்குள் இரண்டையும் வைப்பது என்று முடிவுசெய்தேன். வன்தட்டில் கொஞ்சம் இடம் பிரித்து ஒதுக்கினேன். பழைய விண்டோஸ் வட்டைச் செருகி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன்.

முதல் கறுப்புத் திரையில் ஏதாவது ஒரு விசையை அழுத்து என்றது. அழுத்தினேன், கேட்டது. கலர்ப் படம் வந்தது, எந்த மொழி என்று கேட்கும் கட்டம் வந்தது. அவ்வளவுதான். மௌஸ் அம்பு நட்டநடுத் திரையில் நின்றுவிட்டது. மௌஸை இழுத்தேன், தட்டினேன், மேசையில் தேய்த்தேன். நகரவில்லை. கீபோர்டில் அம்பு விசை, டேப், என்டர், எதற்கும் அசைவில்லை. மரம் மாதிரி நிற்கிறது. வேறு துளையில் மாற்றிச் செருகினேன். முன்பக்கம், பின்பக்கம், எல்லாவற்றிலும் பார்த்தாயிற்று. பக்கத்துக் கடையிலிருந்து வேறு மௌஸ் வாங்கி வந்தும் அதே கதை.

ஊரில் இதற்கெல்லாம் நேரில் வந்து பார்க்கிற சர்வீஸ்காரர் ஒருவர் இருந்தார். முதலாளியின் அச்சகத்துக்கும் அவர்தான். போன் செய்தேன்.

"அக்கா, தப்பா நினைக்காதீக. ஒங்க கடைக்குப் போனா இங்குட்டு காலை வைக்காதன்னு அண்ணன் சொல்லிட்டாரு. எனக்கும் பொழைப்பு இருக்குல்ல" என்றார். கொஞ்சம் இரக்கப்பட்டு, "ஒங்களுக்கு மதர்போர்டு போயிருக்கும்க்கா. வேற மிஷினு வாங்கிருங்க" என்று வைத்தியமும் சொன்னார்.

போனை வைத்துவிட்டு, அந்த முதலாளி தலையில் இடி விழாமல் மிஷினில் விழுந்ததே என்று வாய்விட்டுச் சொன்னேன். பட்டறையில் இழைத்துக்கொண்டிருந்த என் கணவர், "யாரத் திட்டுற?" என்று கேட்டார். "ஒங்களை இல்லை, வேலையப் பாருங்க" என்றேன்.

கோபத்தில் எனக்குக் கண் நன்றாகத் தெரியும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை திரையைப் பார்க்கவில்லை, கீபோர்டில் இருக்கும் சின்னப் பச்சை விளக்கைப் பார்த்தேன். கறுப்புத் திரையில் விளக்கு எரிந்தது. கலர்ப் படம் வந்ததும் அணைந்தது. அப்படியென்றால் கீபோர்டும் சாகவில்லை, போர்டும் போகவில்லை. உள்ளே ஏற வந்த பழைய விண்டோஸுக்குத்தான் இந்தத் துளைகளை அடையாளம் தெரியவில்லை. போனில் தேடினேன். யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்தார்: மௌஸும் கீபோர்டும் செருகுகிற இந்த நீல நாக்கு வைத்த யூஎஸ்பி துளைகள் எல்லாம் பழைய விண்டோஸுக்குப் பின்னால் பிறந்தவை, அவற்றைப் பேசவைக்கும் டிரைவர் அதனிடம் கிடையாது, பின்பக்கம் பழைய வட்டத் துளை இருந்தால் அதில் கீபோர்டைச் செருகு, அது அதற்குத் தெரியும்.

பெட்டியைத் திருப்பினேன். வட்டத் துளை இருந்தது. துளைக்குள் துளை இல்லை. கட்டிதட்டிப்போன சந்தனமும் நடுவில் குங்குமமும்.

"என்ன செஞ்சு வச்சிருக்கீக?" என்று கத்தினேன். அவர் உளியோடு ஓடி வந்தார்.

"ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சேன்."

"இதுக்குள்ளயா?"

"ரம்பம், உளி எல்லாத்துக்கும் வச்சேன். இதுல வட்டமா ஒரு குழி, பொட்டு வைக்கவே விட்ட மாதிரி இருந்துச்சு. அதுல ஒண்ணும் சொருகலையே நீ."

திட்ட வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். குற்றம் செய்தவரையே சுத்தம் செய்யச் சொன்னேன். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பல்குச்சியும் வார்னிஷுக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்து, மரத்தில் பூ செதுக்குகிற பொறுமையோடு அந்தப் பொட்டைச் சுரண்டி எடுத்தார்.

அடுத்து, வட்ட முனை வைத்த கீபோர்டு வேண்டும். கம்ப்யூட்டர்க் கடைகளில் கேட்டால் சிரித்தார்கள். கடைசியில் முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடை ஒன்றில், எனாமல் தூக்குச்சட்டிகளுக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் நடுவில் மஞ்சளேறிப்போய்க் கிடந்தது. கடைக்காரர் ஒரு தரம் ஊதிவிட்டு, "ஆன்டிக்கும்மா" என்றார். வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்தேன்.

ஓடிக்கொண்டிருந்த மிஷினில் செருகினேன். கேட்கவில்லை. அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் அந்தப் புண்ணியவான் எழுதியதன் கடைசி வரியைப் படித்தேன்: வட்ட முனையை மிஷினை அணைத்துவிட்டுத்தான் செருகவேண்டும். அணைத்து, செருகி, போட்டேன். மொழி கேட்கும் கட்டம் வந்தது. டேப்பைத் தட்டினேன். புள்ளிக்கோடு ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவியது.

அந்தத் தாவலைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் பட்டறையில் ரம்பம் நின்றுவிட்டது.

மௌஸ் இல்லாமலே டேப், அம்பு, என்டர் என்று தட்டித் தட்டி, பிரித்து வைத்த இடத்தில் பழையதை ஏற்றினேன். நீலத் துளைகளுக்கான டிரைவரை முன்னதாகவே புது விண்டோஸில் இறக்கி வன்தட்டில் போட்டு வைத்திருந்தேன். பழையது எழுந்ததும் அதை எடுத்துக் கொடுத்தேன். மௌஸ் அம்பு ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து நகர்ந்தது. கையோடு எழுத்து மென்பொருளையும் ஏற்றினேன். மணமகளின் பெயரை அடித்தேன். அதே எழுத்து.

வெள்ளிக்கிழமை ஆச்சி இரண்டு பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கு" என்றார். பின்பக்கம் அடியில் பொடி எழுத்தில் இப்போது என் கடைப் பெயர்.

அச்சாகி வந்த கட்டுகளைக் கொடுக்கக் கோட்டையூருக்குப் போனபோது, தெரிந்தவர்களுக்குப் பத்திரிகை வைக்க ஆச்சி காரைக்குடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பட்டியலில் முதலாளி பெயரும் இருந்தது, அந்தக் குடும்பத்துக்கு நாள்பட்ட பழக்கம். "அங்க வைக்கப் போறப்ப நானும் வாரேன் ஆச்சி" என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

அச்சகத்தில் பிளைவுட் தடுப்பைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மேசையில் ஒரு புது மிஷின். திரையில் பழைய விண்டோஸின் அதே மொழி கேட்கும் கட்டம், நட்டநடுவில் அசையாத அம்பு. சர்வீஸ்காரர் மௌஸைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

ஆச்சி தட்டை நீட்டினார். முதலாளி எழுந்து இரண்டு கையாலும் பத்திரிகையை வாங்கினார். அச்சுக்காரன் எவனும் பத்திரிகையை முதலில் படிக்கமாட்டான், பின்னால் திருப்பி யார் அடித்தது என்றுதான் பார்ப்பான். அவரும் திருப்பினார். பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஒங்க மெட்ராஸ் ஆர்ட்டிஸ்ட்டு போட்ட மாதிரியே இல்லை?" என்று ஆச்சி வெள்ளந்தியாகக் கேட்டார்.

"அதே கைதான் ஆச்சி" என்றேன் நான். "மூத்தவுக பத்திரிகையும் நான் போட்டதுதான். இந்தா, இங்கன உக்காந்துதான் போட்டேன்."

ஆச்சி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முதலாளி பத்திரிகையை உறைக்குள் போட்டு, வெளியே எடுத்து, மறுபடி போட்டார். கடைசியில் சர்வீஸ்காரர்தான், "அக்கா, ஒங்களுக்கு மட்டும் எப்படிக்கா வேலை செஞ்சுச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரிஞ்சாச் சொல்லிக் குடேம்மா" என்றார் ஆச்சியும்.

திருப்பி வைத்திருந்த பெட்டியின் முதுகு எனக்கு நேராகத் தெரிந்தது. ஓரத்தில் வட்டத் துளை, சந்தனம் குங்குமம் எதுவும் இல்லாமல் சுத்தமாக இருந்தது. விரலை நீட்டிக் காட்டினால் முடிந்தது. நான் நீட்டவில்லை.

"கண்டிப்பாச் சொல்றேன் ஆச்சி. அண்ணனையே கடைக்கு வரச் சொல்லுங்க. பட்டறையில முன்பக்கம்."

மறுநாள் முதலாளி சர்வீஸ்காரரை அனுப்பினார். அண்ணனே வரட்டும் என்று திருப்பி அனுப்பினேன். உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். சரியானதும் வரட்டும் என்றேன். அதற்குள் அவரவர் வீட்டு மூத்தவள் பத்திரிகையோடு இன்னும் இரண்டு வீட்டார் என்னிடம் வந்துவிட்டார்கள்.

ஒரு மத்தியானம், உச்சி வெயிலில், அவரே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"வாங்கண்ணே" என்றேன். வாசலுக்கு வந்தவரை வா என்று கேட்காமல் இருக்க என்னைப் பெற்றவள் வளர்க்கவில்லை. என் கணவர் செய்த நாற்காலிகள் சுவரோரம் காலியாகக் கிடந்தன. உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் உட்காரக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். நின்றார்.

"அந்தப் பழசை எப்படி ஏத்துனன்னு கொஞ்சம் சொல்லும்மா. புதுக்கோட்டையிலருந்தெல்லாம் ஆளைக் கூட்டியாந்து பாத்துட்டேன்."

"இந்தா, இந்தப் பக்கத்த முடிச்சுட்டுச் சொல்றேண்ணே" என்றேன்.

பக்கம் அவர் வருவதற்கு முன்பே முடிந்திருந்தது. நான் முதல் வரிக்குப் போய், ஒவ்வொரு எழுத்தாக, மறுபடி பிழை பார்க்க ஆரம்பித்தேன்.