உப்புத் தண்ணீரில் நுரை

தண்ணீர் வேண்டிய அளவு நிறைந்ததும் அந்த மெஷினுக்குள் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். அதன் பிறகுதான் துணி சுற்றத் தொடங்கும். மதினி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டே காதை மட்டும் பின்கட்டில் வைத்திருப்பாள். சத்தம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, டைப்ரைட்டிங் கிளாசுக்குச் சேலை மாற்றப் போய்விடுவாள். எழுபதுகளின் நடுவில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான் துணி துவைக்கும் மெஷின். கப்பலில் இன்ஜினியராக இருந்த என் அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இறக்கியது. பார்க்க வந்தவர்கள் மாதா கெபிக்கு வருகிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள்.

புதுத் துறைமுகத்தில் வேலை மும்முரமாக நடந்த காலம். டைப் தெரிந்த பெண்ணுக்கு ஆபீஸ்களில் இடம் கிடைக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. புன்னைக்காயலில் படித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மதினிக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. ஆனால் ஒரு வீட்டுத் துணி முழுவதையும் துவைத்துப் போடுகிறவளுக்குக் கிளாசுக்கு நேரம் ஏது? “துணிய மிஷின் பாத்துக்கிடும், நீ டைப் படி” என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணன் கப்பலேறினான். அம்மாவும் தலையாட்டினாள். குடிக்கிற பைப் தண்ணீரை மெஷினுக்குக் கொடுக்கத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் ஏறும் தொட்டியில் ஹோஸை மாட்டச் சொன்னாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு.

சில மாதம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஒருநாள் அந்த ‘டக்’ கேட்கவில்லை. தண்ணீர் நிற்காமல் ஏறி, மூடி வழியே வழிந்து, நடையைத் தாண்டிப் போய் அரிசி மூட்டைகளை நனைத்தது.

“சோப்புத்தூள அள்ளிப் போட்டா பொங்காம என்ன செய்யும்? இவளுக்கு நெனப்பெல்லாம் கிளாசுல” என்றாள் அம்மா.

பொங்குவதாவது! அந்தத் தண்ணீரில் எவ்வளவு போட்டாலும் நுரை பேருக்குத்தான் வரும் என்பது தூத்துக்குடியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தரையில் கிடந்தது வெறும் தண்ணீர். மதினி வாதாடவில்லை. மறுநாள் அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, சோப்பே போடாமல் மெஷினை ஓட்டிக் காட்டினாள். அப்போதும் வழிந்தது.

“தண்ணி நெறஞ்சது அதுக்குத் தெரியல மாமி. உள்ள எங்கயோ உப்பு அடைச்சிருக்கு. பின்னால தொறந்து பாத்திரட்டுமா?”

“தொட்டேன்னா கைய முறிச்சிருவேன். அவன் வந்து பாப்பான்.”

அண்ணன் வருகிறவரை கிளாஸ் கிடையாது என்றாகிவிட்டது. பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தாள். அவன் வந்து கோளாறு இன்னதென்று சொல்லிவிட்டால் போதும், மறுபடி போய்விடலாம் என்று அவள் நாளை ஓட்டினாள்.

வந்த மறுநாளே அண்ணன் மெஷினின் முதுகைக் கழற்றினான். மதினி பக்கத்தில் குந்தியிருந்து டார்ச் அடித்தாள். அடியிலிருந்து மேலே ஒரு சுவிட்சுக்குப் போகிற மெல்லிய ரப்பர் குழாய். தண்ணீர் ஏற ஏற அதற்குள் இருக்கும் காற்று அழுந்தி சுவிட்சைத் தள்ள வேண்டும். குழாயின் வாய் அடைபட்டிருந்தது. அண்ணன் அதை உருவித் தட்டினான். மதினி நீட்டிய உள்ளங்கையில் வெள்ளையாக உப்புக் கட்டி விழுந்தது. அவள் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. குழாயைக் கழுவி மாட்டி ஓட்டியதும் ‘டக்’.

“என்னல கோளாறு?” என்று கேட்டுக்கொண்டே அம்மா வந்தாள்.

அண்ணன் கையைத் துடைத்தான். “சோப்புத்தூள் கொஞ்சம் கூடிப்போச்சும்மா. இப்ப சரியாயிட்டு.”

“உப்புத்தான் அடைச்சிருந்துச்சு! நான் பாத்தேன்!” என்று கத்தினேன்.

“ஏளா, நீ சும்மா கெட. கப்பல் இன்ஜின பாக்குறவன் சொல்லுதான், உனக்கு என்ன தெரியும்?” பிறகு அம்மா மதினியின் பக்கம் திரும்பினாள். “மிஷினப் போடு, வேண்டாங்கல. கிளாசு போதும்.”

அண்ணன் ஸ்க்ரூகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

இன்ஜின் அறையில் தீப்பிடித்தபோது முதலில் உள்ளே இறங்கியவன் என்று அவனைப் பற்றி உறவுக்காரர்கள் பெருமையடிப்பார்கள். ‘உங்க கிணத்துத் தண்ணியாலதான்’ என்று அம்மாவிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. இன்று மில்லர்புரத்தில் என் வீட்டு மெஷின் தனக்கு என்ன கோளாறு என்பதைத் தானே ஒரு எண்ணைக் காட்டிச் சொல்லிவிடுகிறது. அம்மாவும் போய்விட்டாள், அண்ணனும் போய்விட்டான். எனக்குக் கோபம் ஆறவில்லை. மதினி அந்தப் பரீட்சையும் எழுதவில்லை, எந்த ஆபீசிலும் உட்காரவில்லை.

அண்ணன் மெஷினைச் சரிசெய்த மறுநாள் காலை மதினி துணிகளை வாளியில் போட்டுக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனாள். நான் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் பின்னாலேயே வந்தான்.

“மிஷின்தான் சரியாயிட்டுல்லா, அதுல போடேன்.”

“வேண்டாம். நான் சோப்ப அள்ளிப் போட்டுருவேன்.”

அவன் குரலைத் தாழ்த்தினான். “அம்மா முன்னால வேற என்னதான் சொல்லச் சொல்லுத?”

மதினி அவனுடைய சட்டையைக் கல்லில் விரித்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எனக்கு ஒரு கண்ணையாவது காட்டிருக்கலாம்லா. நீங்க சொல்லுவீகன்னு, கையில அந்த உப்ப ஏந்திக்கிட்டுல்லா நின்னேன்.”