லோட் குணத்தின் முதல் இசைத்தட்டு

போன சனிக்கிழமை விட்பியில் இருக்கும் என் பெறாமகன் ஒரு பழைய இசைத்தட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். பழைய சாமான் சந்தையில் கிடந்ததாம். உறையில் ஓலைத்தொப்பியும் சுருக்குக் கைச் சட்டையுமாக ஒருவர் பனிக்குள் நின்று சிரிக்கிறார்.

"பெரியம்மா, இந்த அங்கிள் தமிழே? ஸோ கூல்."

தமிழ்தான். இதே ஆளை இங்கே ரொறன்ரோவில் அரைவாசித் தமிழர் கண்ணிலும் காட்டக்கூடாது என்றிருந்த காலம் அவனுக்கு எப்படித் தெரியும்? உறையைப் பிரித்ததும் ஈரமான நிலக்கீழ் அறை மணம் குப்பென்று வந்தது. எழுபதுகளில் எங்களுடைய பொங்கல், பிறந்தநாள், வாய்ச்சண்டை எல்லாம் வெலஸ்லி வீதி அடுக்குமாடியின் கீழ்த்தள ஹோலில் அந்த மணத்தோடுதான் நடந்தன.

கலிப்சோ என்பது கரீபியன் தீவுக்காரரின் பாட்டு. ஊர்ப் புதினத்தையும் பெரிய மனிதரையும் பிடித்து நையாண்டி பண்ணுவது. பாடுகிறவர்கள் 'லோட்' என்று தங்களுக்குத் தாங்களே பிரபுப் பட்டம் வேறு சூட்டிக்கொள்வார்கள். உறையில் நிற்கிற எங்கள் குணரத்தினம் அண்ணை வெள்ளவத்தையில் பகலில் கிளாக்கர் உத்தியோகம், சனி இரவில் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் லோட் குணம். அந்தத் தீவுக்காரரின் உச்சரிப்பை இசைத்தட்டுக் கேட்டுக் கேட்டே பிடித்தவர். அவர்களில் ஒருவரையும் நேரில் கண்டதில்லை. பாட்டுக் கேட்க வந்தவர்களும் கண்டதில்லை என்பதால் தொழில் நன்றாக ஓடியது.

அந்தப் புகழோடு ரொறன்ரோவில் வந்து இறங்கினால், பத்தேர்ஸ்ற் வீதி முழுக்க அசல் தீவுக்காரர் நிற்கிறார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். பிரபுவுக்குக் கிடைத்த அரண்மனை, கார் தரிப்பிடத்தில் காசு வாங்குகிற கூண்டு. அந்தக் கூண்டை விட்டு வெளியே வரவேண்டும், பாட்டிலேயே பிழைக்கவேண்டும். மனிசனுக்கு வேறு ஆசையே இல்லை.

பத்தேர்ஸ்ற்றில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர் பெயர் வீராசாமி. கரீபியனில் ரினிடாட் தீவுக்காரர். பெயரைக் கேட்டுப் பூரித்துப்போய் நாங்கள் ஒருநாள் அவரோடு தமிழில் அளவளாவினோம். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, இது என்ன பாஷை என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். அவரே சிறிய அளவில் தட்டும் வெளியிடுவார். குணம் அண்ணை அவருக்கு முன்னால் கொழும்புப் பாட்டுகளைப் பாடிக் காட்ட, "சட்டை உன்னுடையது, பாட்டு யாருடையது?" என்று கேட்டாராம். "உன் சனத்தைப் பாடு. இல்லாவிட்டால் சும்மா இரு."

அண்ணை ஒரு கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு கூண்டுக்குள் இருந்தபடியே எங்களைப் பார்க்கத் தொடங்கினார். எங்களுக்குச் சனி பிடித்தது.

தட்டு வந்தது. பொங்கலன்று ஹோலில் போட்டுக் காட்டினார். பாட்டு ஆங்கிலம், உச்சரிப்புத் தீவுக்காரருடையது, ஆட்கள் அச்சொட்டாக நாங்கள். பக்கத்து வீட்டுக்காரனின் காரில் சாய்ந்து நின்று படமெடுத்து ஊருக்கு அனுப்பியவர் ஒரு சரணம். மாரிக் குளிரில் ஜன்னலைப் பூட்டிவைத்துக் கருவாடு பொரித்து, புகைக்கு நெருப்பு மணி அடிக்க, முழுக் கட்டடத்தையும் தெருவில் நிற்கவைத்தவர் இன்னொரு சரணம். பெயர் சொல்லவில்லை, தேவையும் இருக்கவில்லை. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. தங்கள் சரணம் வந்ததும் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாவது சரணம் என் கணவர். ஒரு காலையில் வேலைக்குப் போகும்போது குணம் அண்ணையின் கூண்டுக்கு முன்னாலேயே ஐசில் வழுக்கி விழுந்தார். விழுந்தவர் எழும்பவில்லை. கமக்கட்டில் இருந்த பேப்பரை எடுத்து விரித்தார்.

"என்ன அண்ணை, விழுந்திட்டியளோ?" என்றார் குணம் அண்ணை கூண்டுக்குள் இருந்து.

"க்கும்... இல்லையடாப்பா, சும்மா இருந்து பேப்பர் பாக்கிறன்."

அந்தப் பதிலை மட்டும் அண்ணை தமிழிலேயே விட்டிருந்தார். அந்தச் செருமல், அந்த இழுவை, கடைசியில் வரும் சின்ன மிடுக்கு எல்லாம் அப்படியே இவர். கண்ணை மூடிக் கேட்டால் இவர்தான் பாடுகிறார் என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

"உவனுக்கு வாய் கூடிப்போச்சு. ஊருக்குத் தெரிஞ்சால் என்ன நினைப்பினம்?" என்றார் இவர். அடுத்தநாள் வீராசாமியின் கடைக்குப் போய் இருந்த தட்டு முழுவதையும் வாங்கிவந்து, அடுக்குமாடியின் குப்பைக் குழாய்க்குள் ஒவ்வொன்றாகப் போட்டார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதை இவ்வளவு செலவழித்து யாரும் சொன்னதில்லை. ஹோலில் தட்டு வாங்கிய வீடுகளுக்கும் போய்த் தேத்தண்ணி குடித்து, கதை கொடுத்து, அதையும் வாங்கிவந்தார். வீராசாமியின் ஊரில் பாட்டில் அகப்பட்டவன் பாட்டுக்காரனுக்கு ஒரு கிளாஸ் றம் வாங்கிக் கொடுப்பானாம். நாங்கள் பண்பாடு உள்ள சனம்.

சில நாளில் குணம் அண்ணை கேக்கோடு வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, முழுக்க வித்துப்போச்சு. தட்டைத் திருப்பி அடிக்கப்போகினமாம். எங்கட சனத்துக்கு ரசனை இல்லையெண்டு ஆர் சொன்னது?"

இவர் கேக்கைப் பார்த்துக்கொண்டே, "நானும் வாங்கினனான்," என்றார். பொய்யில்லை.

"அண்ணை, நீங்கள் கோவிப்பியள் எண்டு எவ்வளவு பயந்தனான் தெரியுமே?" அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன்.

திருப்பி அடித்தார்கள். இவர் திருப்பி வாங்கினார். பிரபு கூண்டு வேலையை விட்டுவிட்டார்.

அடுத்த தட்டுக்கு முன்னம் எங்கள் பெரியவர்கள் அவரிடம் போய், நல்ல விசயமாக ஏதாவது பாடச் சொன்னார்கள். பாடினார். பனியின் அழகு, கனடாவின் பெருமை, நம்மவரின் சீரும் சிறப்பும். ஒருவருக்கும் நோகவில்லை, ஆகவே ஒருவரும் வாங்கவில்லை. என் பெறாமகனுக்குக் கிடைத்தது அதுதான். பெட்டி பெட்டியாக மிஞ்சியதால் இன்னும் சந்தையில் உலாவுகிறது. அண்ணை கூண்டுக்குத் திரும்பிப் போக, அங்கே வேறு ஆள் இருந்தான். இவர்தான் ஓடித் திரிந்து தான் வேலை செய்த கந்தோரில் தபால் பிரிக்கும் வேலை எடுத்துக் கொடுத்தார். ஏன் இவ்வளவு கரிசனை என்று கேட்டால், "உமக்கென்ன விசரே?" என்பார். அண்ணை பிறகு பாடவில்லை.

இப்போது அண்ணையும் இல்லை, வீராசாமியின் கடையும் இல்லை, இவரும் இல்லை. படங்கள் அலுமாரி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் கோட் போட்டு, விழவே தெரியாத மனிசனாக விறைத்துக்கொண்டு நிற்கிறார். குரல் ஒன்றும் இல்லை. குரல் பதியக் கசெற்றை எடுத்தால் எழும்பிப் போய்விடுவார், வீடியோக் கமராவைக் கண்டால் வாய் திறக்கமாட்டார். அந்தச் செருமலையும் இழுவையையும் ஒருக்கால் கேட்டால் போதும் என்றிருக்கிறது எனக்கு. அடுத்தவன் தொண்டையில் என்றாலும் பரவாயில்லை. அந்த முதல் தட்டு இருக்கிறதா என்று கண்ட கண்ட ஆட்களிடம் எல்லாம் விசாரித்துப் பார்த்துவிட்டேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் இவருக்கு இல்லை. ஒரு தட்டுக்கூட மிச்சமில்லை.