ஜப்பான் கடைக் கத்தரிக்கோல்

ஹட்டன் டவுனில் போன வருடம் ஒரு கடை திறந்தார்கள். பெயர்ப் பலகை முழுக்க ஜப்பான் எழுத்து. அதை வாசிக்கத் தெரிந்தவர் நுவரெலியா மாவட்டத்திலேயே இருப்பாரா என்பது சந்தேகம். ஆகவே ஊர் அதற்கு ஜப்பான் கடை என்று பெயர் வைத்துவிட்டது. கொப்பி, பேனை, டப்பா, மெழுகுவர்த்தி, பொம்மை, பரிசுச் சாமான் எல்லாம் விற்கிறார்கள். உள்ளே ஆஸ்பத்திரி மாதிரி அப்படி ஒரு சுத்தம். நானும் ஒரு நாள் ஏறி, ஒரு பேனையை எழுதிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்கினேன். ஒருத்தரும் முறைக்கவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

நாகலெட்சுமி அந்தக் கடைக்குப் போனது வாங்கத்தான். எங்கள் தேயிலைத் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே இருக்கிறது. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பரா அவளுடையது. ஆனால் அவள் இருப்பது கொழும்பில், தெஹிவளைப் பக்கம், அசீசா என்ற மேடம் வீட்டில். சமைக்க வேண்டும், வீட்டைப் பார்க்க வேண்டும், மேடத்தின் மகள் இல்மாவை வளர்க்க வேண்டும். நல்ல வீடு. சம்பளம் தவறாது, ஒரு கடுஞ்சொல் கிடையாது. அதுதான் பிரச்சினையே. ஏதாவது குறை இருந்திருந்தால் எப்போதோ மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்திருப்பாள்.

அவள் புருஷன் சின்னராசா கட்டட வேலை என்று ஊர் ஊராகத் திரிகிற மனுஷன். மகள் சுலக்ஷனா நடை பழகிய கையோடு நாகலெட்சுமி கொழும்புக்குப் போனாள். பிள்ளையை எடுத்துக்கொண்டது சின்னராசாவின் அக்கா காளியாயி. கொழுந்து பறிக்கப் போய் வந்து, தன் முதுகு வலியையும் பார்த்துக்கொண்டு, அந்தப் பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்து வளர்க்கிறாள். நாகலெட்சுமி தீபாவளிக்கு வருவாள், சில வருடம் பொங்கலுக்கும் வருவாள். மற்றபடி ஃபோன்தான். சாப்பிட்டியா, குளிச்சியா என்று கேட்டு முடிந்ததும் பிள்ளையிடம் என்ன பேசுவது? அவளுக்குத் தெரிந்த பிள்ளைக் கதை இல்மாவின் கதைதான். இல்மா பாப்பா இன்று முயல் படம் வரைந்தாள், இல்மா பாப்பா ஊதாச் சட்டைதான் வேண்டும் என்று அடம் பிடித்தாள் என்று அதையே சொல்வாள். இந்தப் பக்கம் சுலக்ஷனா "ம்" கொட்டிக்கொண்டே இருக்கும்.

பிள்ளை அவளிடம் ஒட்டவில்லை. அவள் வந்தால் காளியாயியின் சேலைக்குப் பின்னால் நிற்கும். போ என்று தள்ளிவிட்டால் வந்து, "வாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்விடும். இந்த ஜனவரியில் பிள்ளை முதலாம் வகுப்பில் சேர்கிறது என்று நாகலெட்சுமி லீவு கேட்டு வந்தாள். இந்தத் தடவை தன் பிள்ளை தன் மடியில் வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. அதை ஒரு கடையில் வாங்கிவிடலாம் என்று நினைத்தாள். வேறு எங்கே கிடைக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

கடையில் நின்ற பெண்ணும் தோட்டத்துப் பிள்ளைதான், தனுஷிகா என்று பெயர். சிங்களத்தில் ஆரம்பித்தவள், இவள் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிவிட்டாள்.

"யாருக்குக்கா பாக்குறீங்க?"

"எம்மகளுக்கு. ஸ்கூல் போகப் போறா."

"என்ன கலர் புடிக்கும்?"

"ஊதா. கடும் ஊதா இல்ல, வெளிறின ஊதா. முயல் போட்டது இருந்தா நல்லது. பூன வேணாம், தொடவே மாட்டா."

"வாசம் வர்ற அழிறப்பர் இருக்கு, வைக்கவா?"

"அது வேணாம்மா. வாசம் பட்டா தும்ம ஆரம்பிச்சிருவா."

தனுஷிகா ஊதாப் பென்சில் பெட்டி ஒன்றை எடுத்து, அதற்குள் வைக்கச் சின்னக் கத்தரிக்கோல் இருக்கும் தட்டைக் காட்டினாள். "எடது கைக்குத் தனியா இருக்குக்கா. புள்ளைக்கு எந்தக் கை?"

நாகலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கத்தரிக்கோல்லயும் கை பாப்பாங்களா? எல்லாரையும் போல சோத்துக் கைதான்."

தனுஷிகா பெட்டியை மண் நிறத் தாளில் சுற்றி ரிப்பன் கட்டிக்கொண்டே சொன்னாளாம், "இவ்வளவு வெவரமாச் சொல்ற அம்மாவ நான் பாத்ததே இல்லக்கா." நாகலெட்சுமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

டிக்கோயா தாண்டும்போது பஸ்ஸில் அவளுக்கு உறைத்தது. ஊதா பிடிக்கும், பூனை பிடிக்காது, வாசம் பட்டால் தும்மும். இதெல்லாம் யார்? பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தன் மகளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தாளாம். ஒன்றும் வரவில்லை. ஃபோனில் கேட்கலாம் என்றால், பெற்ற தாயாக இருந்துகொண்டு காளியாயியிடம் அதை எப்படிக் கேட்பது? முயலைப் பிடிக்காத பிள்ளையும் உண்டா என்று தன்னையே தேற்றிக்கொண்டு நோர்வூட்டில் இறங்கி, தோட்டத்துக்கு ஆட்டோ பிடித்தாள்.

கொழும்பில் இருந்து யார் வந்தாலும் எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பையை உள்ளே கொண்டுபோய்த் திறக்கக் கூடாது. வாசல் இஸ்தோப்பிலேயே, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் திறக்க வேண்டும். ஒவ்வொரு காம்பராவுக்கும் ஏதாவது ஒன்று போக வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கென்று நாகலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டு அள்ளி வந்த கிளிப்பும் ஸ்டிக்கரும் பேனையும் அந்தந்தப் பிள்ளைக்கு அளவெடுத்தது போலப் பொருந்திவிட்டன. என் மகன் அந்தப் பேனையைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்கினான்.

கடைசியில் சுலக்ஷனாவின் பெட்டி. பிள்ளை ரிப்பனை அவிழ்த்து, தாள் கிழியாமல் பிரித்து, முயலைப் பார்த்தது. "நல்லாருக்குங்க" என்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "கத்தரிக்கோல் எடுத்து வெட்டிப் பாரு சாமி" என்று நாகலெட்சுமி ஒரு தாளை நீட்டினாள்.

சுலக்ஷனா கத்தரிக்கோலை இடது கையில் எடுத்தாள். உடனே காளியாயியைப் பார்த்தாள். சட்டென்று வலது கைக்கு மாற்றினாள். தாள் வெட்டவில்லை, மடங்கியது. மறுபடி முயன்றாள். நெற்றி வியர்க்க வியர்க்க முயன்றாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. "ஏன் புள்ள அதப் போட்டு வதைக்கிறீங்க, அதுக்கு வர்ற கையில வெட்டட்டுமே" என்று சொல்லிவிட்டேன்.

"வர்ற கையா?" என்றாள் நாகலெட்சுமி.

காளியாயி தலையைக் குனிந்துகொண்டாள். "புள்ளைக்கு எடது கைதான் லெட்சுமி. எழுதுறது, திங்கிறது எல்லாம். நான் சரியா வளக்கலன்னு நீ வருத்தப்படுவியேன்னு, நீ வர்றப்ப மட்டும் சோத்துக் கையில சாப்புடச் சொல்லி வச்சிருந்தேன். அதுவும் சொன்ன பேச்சக் கேட்டுக்கும்."

யார் மேல் கோபப்படுவது? காளியாயி மேலா? பயந்து பயந்து பிறத்தியார் பிள்ளையை வளர்த்த மனுஷி அவள். ஒவ்வொரு தீபாவளிக்கும் தாய் வந்து உட்கார்ந்ததும், விருந்தாளிக்கு வீடு கூட்டி வைப்பது போல அந்தக் குழந்தை தன் கையை மாற்றி வைத்திருக்கிறது. நாகலெட்சுமி பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளையும் இருந்தது. காளியாயி இறங்கு என்று சொல்லும்வரை அசையாமல், முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தது.

மறுநாள் நாகலெட்சுமி மகளைக் கூப்பிட்டாள். "கடையில மாத்தித் தருவாங்க சாமி. ஒனக்கு என்ன வேணும், சொல்லு. என்ன கலர் வேணும்?"

"நீங்க எத வாங்கினாலும் சரிங்க."

"அப்பிடிச் சொல்லக் கூடாது. ஒனக்குப் புடிச்சதச் சொல்லு."

பிள்ளை யோசித்தது. தப்பாக ஏதும் சொல்லிவிடக் கூடாதே என்கிற யோசனை அது. பிறகு காளியாயியைப் பார்த்தது. அந்த மகராசி பதில் சொல்ல வாயெடுத்தவள், என்ன நினைத்தாளோ, அடுப்படிக்குப் போய்விட்டாள். பெட்டி மாற்றப்படாமல் அப்படியே கிடந்தது.

பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு அவள் கிளம்புகிற அன்று, சுலக்ஷனா அந்தப் பெட்டியோடு வந்தாள். பழைய தாளையே திருப்பிச் சுற்றி, ரிப்பனை ஒரு மாதிரி கட்டியிருந்தாள்.

"இத இல்மா பாப்பாவுக்குக் குடுத்துருங்க. அவங்களுக்குத்தான் ஊதா புடிக்கும்னு சொல்வீங்கல்ல. நான் ஒன்னும் ஒடைக்கலங்க."

அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. நல்ல பிள்ளையின் நல்ல மனசு. அதனால்தான் நாகலெட்சுமியால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். பிள்ளை கை காட்டியது, மறக்காமல் வலது கையால்.

போன வாரம் எனக்கு ஃபோன் எடுத்தாள். பெட்டியைக் கொடுக்காமல் நாள் கடத்தியிருக்கிறாள். இல்மா அதைத் தானாகவே கண்டுபிடித்துப் பிரித்துவிட்டாள். முயலைப் பார்த்துக் குதித்தாளாம். அன்று முழுக்கக் கத்தரிக்கோலும் கையுமாக, வீடெல்லாம் தாள் வெட்டிப் போட்டாளாம். பிறகு வந்து இவள் மடியில் ஏறிச் சாய்ந்துகொண்டு, "எனக்கு இதுதான் வேணும்னு எப்புடி ஆன்ட்டி தெரியும்?" என்று கேட்டாளாம்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"கேட்டுட்டுப் பாப்பா மடியிலயே தூங்கிருச்சுக்கா. எந்திரிக்க மனசு வராம உக்காந்திருந்தேன்."