கதிரைகளைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வட்டாரத்துத் தியேட்டரில் இடைவேளை என்பது எங்களுக்காக மட்டுமே விடப்பட்டது. வெள்ளைக்காரரின் படங்கள் தொடங்கினால் முடியும்வரை ஓடும். ஞாயிறு காலைகளில் தமிழ்ப் படம் ஓடும்போது மட்டும், கதாநாயகன் அடிவாங்கி விழுந்து கிடக்கிற நேரமாகப் பார்த்து விளக்கைப் போட்டுவிடுவார்கள். காரணம் ரோல்ஸ். தியேட்டரை வாடகைக்கு எடுத்துப் படம் போடுகிற அங்கிளின் மனைவி முன்கூடத்தில் மட்டன் ரோல்ஸும் பிளேன் டீயும் விற்பா. சூடு ஆறுவதற்குள் விற்க வேண்டும் என்பதால் கதாநாயகன் எழும்பக் கொஞ்சம் தாமதமாகும்.

சிட்னியில், பரமட்டாவிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி, ஒரேயொரு திரையுள்ள பழைய கட்டடம் அது. அதை இடித்து மாடிவீடுகள் கட்டப்போகிறார்கள் என்று வாசலில் பெரிய பலகை நட்டிருந்தார்கள். கடைசித் தமிழ்ப் படத்துக்கு நாங்கள் இரண்டு வாகனங்களில் போனோம். அப்பாவின் காரில் அப்பா, அம்மா, தங்கச்சி, நான். மாமாவின் வானில் மாமா, மாமி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். எனக்கு அப்போது எட்டு வயது.

மாமா அம்மாவின் அண்ணன். படிக்கவென்று பிளேனில் வந்து சிட்டிசன் ஆனவர். நாங்கள் படகேறிக் கடலால் வந்தவர்கள். ஒரே குடும்பத்துக்குள் இப்படி இரண்டு சாதி இருந்தது. பிளேனில் வந்தவர்கள் சத்தமாகச் சிரிப்பார்கள். கடலால் வந்தவர்கள் சுற்றிவரப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள்.

இங்கே தடுப்பு முகாமிலிருந்து எங்களை வெளியில் விடும்போது அப்பாவிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எப்படி ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்ற தாள். அப்பா மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அதில் என்ன எழுதியிருந்தது என்று முழுதாக வாசிக்கக்கூடியவர் எங்கள் வீட்டில் ஒருவருமில்லை. ஆகவே எல்லாமே அதில் எழுதியிருப்பதாக அப்பா நம்பினார். வாகனமே வராத தெருவிலும் பச்சை விளக்கு எரியும்வரை நிற்பார். எங்களுக்கும் சொல்லித் தந்திருந்தார்: யூனிஃபோம் உடுப்புப் போட்ட ஆள் எது கேட்டாலும் வாயைத் திறக்காதே, தமிழ் கதைக்கிற ஆளென்றால் இன்னும் கவனம். விசாரணை அறையில் அழகான தமிழ் பேசிய மொழிபெயர்ப்பாளரிடம் அப்பா மனம்விட்டுக் கதைத்ததுதான் எங்கள் அகதிக் கேஸைக் கெடுத்தது என்று வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது.

படம் முடிந்ததும் சனம் ஞாபகத்துக்கு ஏதாவது எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. மாமா ஒரு கதிரையை ஆட்டிப் பார்த்தார்.

"மச்சான், உடைக்கத்தானே போறாங்கள். ஒண்டைக் கழட்டிக்கொண்டு போவமே? ஹோலில போட்டால் உன்ர மனிசிக்கும் இருக்க ஒரு இடமாச்சு."

"உனக்குப் பகிடி," என்றார் அப்பா. "நீ கதிரையைத் தூக்கினால் ஃபைன் அடிப்பான். நான் தூக்கினால் என்னைத் தூக்குவான்."

மாமாவின் மூத்த மகன் என்னிடம் இரகசியமாக உள்ளங்கையை விரித்துக் காட்டினான். கதிரை இலக்கம் பொறித்த சின்னப் பித்தளைத் தகடு. ஐந்து சதக் காசுக் குத்தியால் ஆணியைத் திருகினால் வந்துவிடுமாம். எனக்கும் ஒன்று வேண்டும் போலிருந்தது. அப்பாவிடம், மாமாவின் வானில் வருகிறேன் என்றேன். மாமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே இரண்டு வாகனங்களும் நிம்மதியாகப் புறப்பட்டுப் போயின.

கடைசி வரிசையில் குந்தியிருந்து முதல் ஆணியைக் கழற்றினேன். இரண்டாவது அசையவில்லை. அதோடு போராடிக்கொண்டிருந்தபோது விளக்குகள் அணைந்தன. எங்கோ ஒரு கதவு இழுபட்டுப் பூட்டுப்பட்டது. ஓடியிருக்கலாம். ஆனால் கையில் ஐந்து சதமும் ஒரு ஆணியும் இருந்தன. அப்பாவைத் தூக்குவதற்கு அந்த ஒரு ஆணி போதுமென்று எனக்குப் பட்டது. கதிரைகளுக்குக் கீழே ஊர்ந்து படுத்துக்கொண்டேன். கம்பளத்தில் பழைய பொப்கோர்ன் வாசம் அடித்தது.

கொஞ்ச நேரத்தில் திரைப் பக்கம் ஒரு பெரிய லைட்டைக் கொளுத்தினார்கள். நாலைந்து ஆட்கள் வந்து முதலாவது வரிசையில் டிறில்லை வைத்தார்கள். அந்தச் சத்தம் நிலத்தின் வழியாக வந்து என் பல்லில் இறங்கியது. கதிரைகளைக் கழற்றி, இழுத்து, வெளியே எறிந்தார்கள். பிறகு இரண்டாவது வரிசை. நான் எனக்கு முன்னாலிருந்த கதிரைக் கால்களின் இடைவெளியால் எண்ணினேன். மீதி பதினான்கு வரிசை. பதின்மூன்று. பன்னிரண்டு. ஒவ்வொரு வரிசை போகும்போதும் வெளிச்சம் ஒரு வரிசை கிட்ட வந்தது. முதலில், கண்டுபிடித்துவிடுவார்களே என்று பயந்தேன். பிறகு, கண்டுபிடிக்காமலே கட்டடத்தை என் மேல் இடித்துவிடுவார்களே என்று பயந்தேன். இரண்டில் எது நல்லது என்று யோசித்ததில், இடிப்பது பரவாயில்லை, அது என்னோடு முடிந்துவிடும் என்று தோன்றியது.

இன்னும் எட்டு வரிசை இருக்கையில் டிறில் நின்றது. நீலச் சேட், தோளில் பட்டி, இடுப்பில் வோக்கி டோக்கி. டோர்ச்சோடு ஒருவன் நடுவழியால் ஏறி வந்தான். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். தமிழில் கூப்பிட்டான்.

"தம்பி, எங்கடா இருக்க? பயப்படாத, வெளிய வா. அண்ணன் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

என் பெயர் அவனுக்கு எப்படித் தெரியும்? கோப்பில் இருந்துதான் எடுத்திருக்க வேண்டும். விசாரணை அறையில் கேட்டதும் இதே இந்தியத் தமிழ்தான். சேட்டுக் கழுத்தை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டேன்.

"சாமி சத்தியமா அடிக்க மாட்டேன்டா. வா, சிப்ஸ் வாங்கித் தர்றேன்."

சிப்ஸ் என்றதும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. டோர்ச் வெளிச்சம் ஒவ்வொரு கதிரையாக நக்கிக்கொண்டு வந்து என் கால் சப்பாத்தில் நின்றது. காற்சட்டை நனைவது எனக்கே தெரிந்தது.

"நான் களவெடுக்கேல்லை," என்றேன். "ஒரு ஆணிதான் கழட்டினனான்."

அவன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். கிட்டப் பார்த்தபோது மீசைகூடச் சரியாக வளராத முகம்.

"ஆணியாவது மயிராவது," என்றான். "உள்ள யாரும் இல்லன்னு நான்தான்டா செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். இந்த செக்யூரிட்டி வேலைக்கு வந்து மூணாவது நாள். யார்கிட்டயும் சொல்லிராதடா, தம்பி. உன் கால்ல வேணாலும் விழுறேன்."

உடுப்புப் போட்ட ஆள் என்னிடம் கெஞ்சுவதை அன்றுதான் கண்டேன். அதுவும் ஒரு உத்தி என்றே நினைத்தேன்.

வேலையாட்களின் கண்ணில் படாமல் பக்கக் கதவால் என்னை வெளியே கூட்டிப்போனான். மத்தியான வெயில் முகத்தில் அடித்தது. தெருவுக்கு அந்தப் பக்கம், பஸ் தரிப்பிடத்தில், அப்பா நின்றார். பஸ் நேர அட்டவணையைப் பார்ப்பதுபோல நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க நிக்கிறவரு ரொம்ப நேரமா இங்கயே பாத்துட்டு இருக்காரு," என்றான் அவன். "உங்கப்பாவா?"

அப்பாவின் கண்ணும் என் கண்ணும் ஒருமுறை சந்தித்தன.

"இல்லை," என்றேன். "ஆரெண்டு எனக்குத் தெரியாது."

அப்பாவுக்குக் கேட்டிருக்காது. ஆனால் நான் தலையை ஆட்டியதைக் கண்டார். திரும்பி அட்டவணையைப் பார்க்கத் தொடங்கினார்.

முன்வாசலில் கண்ணாடிக் கதவைத் தட்டிக்கொண்டு நின்ற மாமா என்னைக் கண்டதும் ஓடிவந்து தூக்கினார். "என்ர மகன், தம்பி. கடைசி மகன். நீ நல்லா இருப்பாய்," என்று அவனுடைய கையைப் பிடித்து உலுக்கினார். மாமா நல்ல பொய்க்காரர் என்று நினைத்துக்கொண்டேன். வானில் ஏறிய பிறகு, வீடு வரும்வரை அவர் ஒரு பகிடிகூட விடவில்லை.

நான் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட அன்று, இரண்டு பியருக்குப் பிறகு, மாமா இதைச் சொன்னார்: "கதவு பூட்டிக் கிடக்குது, உள்ளுக்கை டிறில் சத்தம். பொலிஸுக்கு அடிப்பம் எண்டு போனை எடுத்தனான். உன்ர அப்பர் என்ர கையைப் பிடிச்சிட்டார். பிள்ளையை விட்டிட்டு வந்தது தெரிஞ்சால் பிள்ளையைப் பறிச்சுப்போடுவாங்கள், நீ சிட்டிசன், உன்ர மகன் எண்டு சொல்லு எண்டார். நான் கண்ணாடியைத் தட்டி, உள்ளுக்கை ஒரு பெடியன் எண்டு அந்த செக்யூரிட்டியிட்டை உன்ர பேரைச் சொல்ல, அவர் ரோட்டைக் கடந்து அங்காலை போய் நிண்டார். அதுக்கும் பச்சை லைட் வரும்வரைக்கும் நிண்டுதான் போனவர்."

எட்டு வயதில் எனக்கு இது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா வைத்த பரீட்சையில் நான் தேறிவிட்டேன் என்பதுதான்.

தியேட்டரிலிருந்து வந்த அன்று இரவு சாப்பிட இருந்தபோது அப்பா தன் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். இதுதான் சமயம் என்று நான் நிமிர்ந்து இருந்தேன்.

"அப்பா, அவன் உங்களைக் காட்டிக் கேட்டவன். நான் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன்."

அம்மாவின் கையில் அகப்பை நின்றது. அப்பா சோற்றைப் பிசைந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்டிக்காரன்," என்றார்.

பிறகு பாதிச் சோற்றோடு எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பைப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது. அப்பா என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இன்னொரு முறை கேட்கவேண்டும் போலிருந்தது. எழுந்து போய்க் கதவோடு ஒட்டி நின்று, தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்காமல் போய்விடுமே என்று, பலத்த குரலில் திரும்பவும் சொன்னேன்:

"அப்பா, உங்களை ஆரெண்டே தெரியாது எண்டு சொல்லிப்போட்டன்!"