தமிழ் பட்டனை அமுக்கிக் காட்டிய லாரன்ஸ்

லாரன்ஸ் இறந்துவிட்டார். இன்று காலை கடை ஷட்டரைத் தூக்கும்போதே மாரடைப்பு... பக்கத்து பேக்கரிக்காரர் போனில் சொன்னார்.

விவேக் நகரில் சர்ச்சுக்குப் பக்கத்துச் சந்தில் சின்னக் கடை. கல்யாணம், ஞானஸ்நானம், எந்த டிவிடியானாலும் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருவார். மெனுவோடு. டிஸ்க்கைப் போட்டதும் வரும் முதல் திரை, அதிலுள்ள பட்டன்கள், எல்லாம் அப்படியே வேலை செய்ய வேண்டும் அவருக்கு.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று ஒருமுறை கேட்டேன். "மெனு இல்லன்னா ரிசப்ஷன் எங்கேன்னு பொண்ணு வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க சார். நானே தின்னுட்ட மாதிரி பேசுவாங்க."

செல்வத்தின் விஷயத்தை நான் எழுதியது சிலருக்கு நினைவிருக்கலாம். ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். வலது கையில் மூன்று விரல்கள் போயின.

அலட்சியம் என்று அவர் மீதே பழி போட்டு வேலையை விட்டு நிறுத்தினார்கள். தமிழிலேயே பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தோம் என்று, பயிற்சி டிவிடியின் மெனுவைப் படமெடுத்து தொழிலாளர் துறை விசாரணையில் கொடுத்தார்கள். அதில் நான்கு மொழிப் பட்டன்கள். நான்காவது, தமிழ்.

உதவி கேட்டு வந்த செல்வம் என்னிடம் சொன்னது வேறு. "தமிழை அமுக்குனாலும் இந்திதான் சார் பேசும். எவனும் நம்ப மாட்டேன்றான்."

பயிற்சி அறையில் வேலை பார்த்த அவருடைய நண்பர் குமார், ஒரு மதியம் அந்த டிஸ்க்கைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். ஆறு மணிக்குள் அது பீரோவுக்குத் திரும்பியாக வேண்டும். இல்லையென்றால் அவர் வேலையும் போகும். லாரன்ஸ் கடைக்கு நாங்கள் போனபோது மணி மூன்று.

காப்பி எழுபது சதவீதத்தில் நின்றுவிட்டது. டிரைவ் கரகரவென்று இழுத்தது... டிஸ்க் முழுக்கக் கீறல்.

"அந்த இந்தி வீடியோவை மட்டும் எடுத்துக் கொடுங்க, போதும்" என்றேன். பதற்றத்தில் சொன்னது.

"தமிழ் ஃபைலை நீங்களே தூக்கிட்டீங்கன்னு கம்பெனிக்காரன் சொல்லுவான். அப்ப இன்னா பண்ணுவீங்க? பட்டனை அமுக்கிக் காட்டணும் சார்" என்றார் லாரன்ஸ்.

டிஸ்க்கை எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து, வேறொரு பழைய டிரைவில் போட்டு, வேகத்தைக் குறைத்து, முதலிலிருந்து தொடங்கினார். முதலிலிருந்து...

குமார் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். "அண்ணா, சில்க் போர்டு ட்ராஃபிக்ல மாட்டுனா நான் செத்தேன்."

"ஸ்வல்ப நேரம் நில்லுப்பா. நீ நடந்தா டேபிள் ஆடுது" என்றார் லாரன்ஸ்.

குமார் நின்றார். எழுபது தாண்டியது. எண்பத்தெட்டில் இரண்டு நிமிடம் அசையவில்லை. நான்கு நாற்பதுக்கு நூறு.

டிஸ்க்கோடு குமார் பைக்கில் பறந்தார். லாரன்ஸ் காப்பியைத் திறந்தார். மெனு வந்தது. தமிழை அமுக்கினார். இந்தி. மறுபடி அமுக்கினார். இந்தி.

"நல்லா பேசுறான் தமிழு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது குமாரிடமிருந்து போன் வந்தது: வைத்துவிட்டேன்.

விசாரணைக்குத் தன் லேப்டாப்போடு லாரன்ஸே வந்தார். காப்பியில் ஏதோ செய்திருக்கிறார்கள் என்றார் கம்பெனி வக்கீல்.

"அப்போ ஒரிஜினலக் கொண்டாங்க சார். அதையும் நானே அமுக்குறேன்."

கொண்டுவரச் சொன்னார் விசாரணை அதிகாரி. ஒரு வாரம் அவகாசம். அந்த ஒரு வாரத்தில் டிஸ்க்கை மாற்றிவிடுவார்களோ என்று செல்வம் தினமும் எனக்கு போன் செய்தார்.

மாற்றவில்லை. அறையில் எல்லோரும் பார்க்க லாரன்ஸ் தமிழ் பட்டனை அமுக்கினார். இந்தி பேசியது. வக்கீல் தன் ஃபைலைப் புரட்டத் தொடங்கினார்.

வேலை திரும்பக் கிடைத்து, செல்வம் இப்போது அதே கம்பெனியில், ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறார். லாரன்ஸ் இறந்த செய்தியைச் சொன்னதும், "எத்தனை மணிக்கு சார்? அரை நாள் லீவு சொல்லிட்டு வந்துடறேன்" என்றார்.

அடக்கம் நாளை மாலை நான்கு மணிக்கு.

நன்றி லாரன்ஸ்... நாங்கள் இருவரும் வருகிறோம்.