ஈஸ்வரி அக்காவும் இரண்டாவது கையெழுத்தும்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பழைய ஆய்வகக் குழுவின் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்தது. ஈஸ்வரி அக்கா போய்விட்டார் என்று ஒரே வரி, கீழே கூப்பிய கைகள். நான் நம்பவில்லை. நம்பக்கூடாது என்று அவர்தான் பழக்கியிருந்தார். "ஒருத்தர் சொன்னா அது சேதி. ரெண்டு பேர் தனித்தனியா சொன்னாத்தான் உண்மை" என்பார். மாசாயில் இருக்கும் அவருடைய கணவர் நடராஜன் அண்ணனை அழைத்தேன், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவை அழைத்தேன். "ஆமாம்மா, விடியக்காலைலதான்" என்றார். சற்று நேரத்தில் நடராஜன் அண்ணனே திரும்ப அழைத்தார். நான் எதுவும் கேட்பதற்குள் அழுதுவிட்டார். இரண்டு பேர் ஆகிவிட்டது. அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் பாசிர் கூடாங் எண்ணெய் ஆலையில் அவரோடு வேலை செய்தவர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சமையல் எண்ணெய் ஏற்றிய ஒவ்வொரு டேங்கர் லாரியும் வெளியேறும் முன் அதன் மாதிரியை இரண்டு பேர் தனித்தனியே சோதித்து, அவரவருக்குக் கிடைத்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொதுவாக இரண்டாவது ஆள் என்ன செய்வார் என்று நமக்குத் தெரியாதா? முதல் ஆளின் எண்ணைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். ஈஸ்வரி அக்கா தன் எண்ணை எழுதியதும் உள்ளங்கையால் மூடிக்கொள்வார். நாம் எழுதி முடிக்கும்வரை கை நகராது.

நான் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தபோது எனக்கு நாற்பது வயது. ஏற்கெனவே இரண்டு தொழிற்சாலை பார்த்தவள். இந்த அம்மா யாரையும் நம்பாத ஜென்மம் என்று நினைத்தேன். ஒருநாள் கையை மூட மறந்துவிட்டார். அவசரத்தில் அந்த எண்ணைப் பார்த்து எழுதிவிட்டேன். அவர் சிவப்புப் பேனாவை எடுத்து தன் எண்ணை அடித்தார். வேண்டுமென்றே தவறாக எழுதியிருந்தாராம். "அலமாக்! கலா, மாட்டிக்கிட்டியே!" என்று ஒரு வாரம் சிரித்தார். "பார்த்து எழுதினா அது ரெண்டாவது கண்ணு இல்லலா. அதே கண்ணுதான்." அன்று முதல் அவர் முதலில் சொல்லும் எதையும் நான் நம்புவதில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர.

அந்த நாள் அவர் பணி ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு வந்தது. பெண்கள் கழிவறையில் கண்ணாடி முன் நின்று சட்டைக் காலரை விலக்கி, கழுத்தின் இடப்பக்கத்தைக் காட்டினார். "தொட்டுப் பாரு. மாஸ்க் வாரு அழுத்தி வீங்கியிருக்கு" என்றார். மருந்து நெடிக்காக நாங்கள் போடும் ரப்பர் முகமூடியின் வார் சரியாக அந்த இடத்தில்தான் படும். தொட்டேன். கெட்டியான ஓர் உருண்டை, வலியில்லை என்றார். "ஆமாக்கா, வாருதான்" என்றேன். அவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு பிரிவுபசார விருந்துக்கு யார் பிரியாணி கொண்டுவருவது என்று பேசப் போய்விட்டோம்.

ஓய்வு பெற்ற ஆறாவது வாரம் சட்டை நனையும் அளவுக்கு வியர்ப்பதாகவும் உடம்பு இளைத்துக்கொண்டே போவதாகவும் சொன்னார். பக்கத்துக் கிளினிக்கில் இரண்டு முறை மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் முறை அவராகவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்டு வாங்கினார். கழுத்திலிருந்து சதைத் துண்டு எடுத்துப் பார்த்து, லிம்போமா, நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள்.

சாதாரண மனுஷி என்றால் அழுவார். ஈஸ்வரி அக்கா டாக்டரிடம், அந்தச் சதைத் துண்டு தன்னுடையதுதானா என்று கேட்டார். போத்தலில் பெயரை எழுதியவர் யார், எப்போது எழுதினார், அப்போது மேசையில் வேறு போத்தல் இருந்ததா? நான் பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தேன். கடைசியில், வேறொரு டாக்டர் அதை மறுபடி பார்க்க வேண்டும், முதல் முடிவை அவரிடம் சொல்லக்கூடாது என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "நோயை ஒத்துக்க மனசில்லாம நாளைக் கடத்துறீங்க" என்று காரில் சண்டை போட்டேன். பத்து நாளில் இரண்டாவது டாக்டரும் அதையே எழுதினார். "சரி, இப்ப நம்புறேன். எப்ப ஆரம்பிக்கிறாங்களாம்?" என்றார் அக்கா. அதன் பிறகு ஒரு நாளும் அவர் தள்ளிப்போடவில்லை.

முதல் மருந்து ஏற்றிய அன்று இரண்டு மிஸ்ஸிகள், நர்ஸ் பெண்கள், வந்தார்கள். ஒருவர் மருந்துப் பையில் இருந்த பெயரையும் ஐசி அடையாள அட்டை எண்ணையும் உரக்கப் படித்தார். மற்றவர் தாளைப் பார்க்காமல், அக்காவின் கையில் கட்டியிருந்த பட்டையிலிருந்து படித்தார். பிறகுதான் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அக்காவின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. "இவளுங்க நம்மாளுங்கலா" என்று கையை நீட்டிக்கொண்டு படுத்துவிட்டார். மூன்றாவது முறை இரண்டாவது மிஸ்ஸி, சிறு பெண், முதல் தாளையே எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள். முடியெல்லாம் கொட்டி, வாயெல்லாம் புண்ணாக இருந்த அக்கா கையை இழுத்துக்கொண்டு, "மறுபடியும் படி" என்றார். பை சரியான பைதான். இருந்தாலும் படிக்க வைத்தார்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை லீவு போட்டு நான்தான் அழைத்துப் போனேன். நடராஜன் அண்ணன் லாரி ஓட்டுபவர், நினைத்த நேரத்தில் லீவு கிடைக்காது. எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். அக்கா மட்டும் ஒருநாள் காரில் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்: "சொந்தத் தங்கச்சியே ரெண்டு தடவைதான் வந்தா. நீ ஏன் ஒவ்வொரு தடவையும் வர்றே? எனக்கு சந்தேகமா இருக்கு."

"சும்மாதான்க்கா" என்றேன். பொய். அந்தக் கழிவறைக் கண்ணாடி என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவருக்கு நினைவிருக்கிறதா, என்னைக் குற்றம் சொல்கிறாரா என்று ஒவ்வொரு பயணத்திலும் அவர் முகத்தை ஓரக்கண்ணால் வேவு பார்த்தேன். ஒருமுறை டாக்டரைத் தனியாகப் பிடித்து, இரண்டு மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலையும் நான் நம்பவில்லை.

ஆறு முறை மருந்து முடிந்ததும் கட்டிகள் கரைந்துவிட்டன என்றார்கள். நல்ல ரிப்போர்ட்டையும் இரண்டு பேர் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஏழெட்டு மாதம் நன்றாக இருந்தார். தீபாவளிக்கு முறுக்கு சுட்டார். பிறகு நோய் திரும்பியது. இந்த முறை அவர் எதையும் மறுபடி பார்க்கச் சொல்லவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியாக மாசாய் வீட்டில் பார்த்தபோது என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, அன்னிக்கு நீங்க கழுத்தைக் காட்டினப்போ நான் சரியா பார்க்கல. நீங்க சொன்னதையே திருப்பிச் சொல்லிட்டேன்" என்று அழுதேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஏன் முதல்ல சொன்னேன்னு நெனைக்கிறே?" என்றார். "நீ வேற ஏதாச்சும் சொல்லிடக்கூடாதுன்னுதான். முப்பத்தோரு வருசம் நடந்து போன ஆலை கேட்டு அது. கடைசி நாளும் நடந்தே வெளிய வரணும்னு இருந்திச்சு. ஆஸ்பத்திரிலேர்ந்து ரிட்டையர் ஆக எனக்கு இஷ்டமில்ல. அது உன் கையெழுத்து இல்ல கலா. என் கையெழுத்துதான், ரெண்டு தடவை."

இது உண்மையா, என் மனம் ஆறுவதற்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. யாரையாவது பிடிக்க வேண்டுமென்றால் தவறான எண்ணை எழுதக்கூடியவர் அவர். யாரையாவது விடுவிப்பதற்காக எழுதுவாரா? பன்னிரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் அன்று அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். இதைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் கிடையாது. உங்களில் யாரிடமாவது அவர் கழுத்தைக் காட்டியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தச் சந்தேகம்தான். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம், அதே கழிவறையில் பொட்டலப் பிரிவு புனிதா சட்டைக் கையை மேலே ஏற்றினாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன், கொசு கடிச்ச..."

"நீ ஒண்ணும் சொல்லாதே" என்றேன். "கையைக் காட்டு."